கூலியாளாய் வந்த குரு

மாத்தளை மாவட்டத்தின் கிழக்கோரத்திலே, மகாவலி கங்கையை அடுத்து, வில்கமுவ என்றொரு பகுதி இருக்கிறது. ஒரு பக்கம் தும்பறை மலைகளின் நீல முகடுகள். மற்றொரு பக்கம் யானைகளுக்குப் பெயர்போன வஸ்கமுவ வனம். இடையிலே வயல்களும் குளங்களும் குடியேற்றக் கிராமங்களுமாக நிலம் விரிந்து கிடக்கிறது. என்னிடம் முன்னாளில் தமிழ் படித்த மாணவர் ஒருவர் அங்கே அலுவல் பார்க்கிறார். வேலையினின்றும் ஓய்வு பெற்ற பின் எனக்கு ஓய்வைத் தவிர மற்றெல்லாம் கிடைத்தது. ஆகையால் அவர் அழைத்ததும் நான்கு நாள் தங்கி வரலாமென்று புறப்பட்டேன். ஊர் திரும்பியதும் எங்கள் இலக்கிய வட்டத்திலே ஒரு சொற்பொழிவு ஆற்ற ஒப்பியிருந்தேன். அதற்கு வேண்டிய புத்தகங்களையும் ஒரு தகரப் பெட்டியில் அடைத்து எடுத்துச் சென்றேன்.

பஸ் வண்டி என்னை இறக்கிவிட்ட இடத்திலிருந்து மாணவரின் வீடு அரை மைல் தூரம். பெட்டியோ கனம். தூக்க முடியாத கனம் என்று சொல்ல முடியாது. ஆனால் கரை வைத்த வேட்டியும் சால்வையுமாக நின்ற நான், அந்தத் தகரப் பெட்டியைத் தோளில் வைத்துக்கொண்டு கடைவீதி வழியே நடப்பதாவது என்று தயங்கினேன். முப்பத்தைந்து ஆண்டுகள் ஆசிரியனாக இருந்தவனுக்கு இப்படி ஒரு கூச்சம் உடம்போடு ஊறிவிடுகிறது. யாராவது கூலிக்கு அகப்படுவார்களா என்று பார்த்துக்கொண்டு நின்றபோது, என்னிலும் மூத்த சிங்களக் கமக்காரர் ஒருவர் வந்தார். ஒன்றும் பேசாமல் பெட்டியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு முன்னே நடந்தார். வீட்டு வாசலில் நான் நீட்டிய காசை அவர் வாங்கவில்லை. அவர் கூலியாளே அல்லர், பக்கத்து வயலுக்குச் சொந்தக்காரர் என்று பின்னர் அறிந்தேன். அன்றிரவு பெட்டியைத் திறந்து, நான் பேசவேண்டியிருந்த மனிதரின் வரலாற்றைக் கையில் எடுத்தபோது எனக்கு உள்ளபடியே வெட்கமாயிருந்தது. அந்த மனிதர் யோசேவாஸ் முனிவர். பெரிய குடும்பத்திற் பிறந்து, குருத்துவமும் பேரும் பெற்று, அவை அனைத்தையும் ஒரு கரையில் விட்டுவிட்டு, மறு கரையில் சுமை தூக்கும் கூலியாளாக வந்திறங்கியவர் அவர்.

நான் சைவன். கத்தோலிக்கக் குருவானவர் ஒருவரைப் பற்றி நான் ஏன் பேச முற்பட்டேன் என்று நண்பர்கள் கேட்டதுண்டு. துறவு என்பது எந்தச் சமயத்தார் துறந்தாலும் துறவுதானே. பட்டினத்தடிகளின் துறவைப் பாராட்டத் தெரிந்த நமக்கு இதைப் பாராட்டவும் தெரியவேண்டும். மேலும், அவர் இந்த இலங்கை மண்ணில் முதன்முதலாகப் பணி செய்தது யாழ்ப்பாணத்துத் தமிழரிடையே, தமிழிலே.

கோவாவின் தென்பகுதியிலுள்ள பெனவ்லிம் என்ற ஊர் அவர் தாயாரின் ஊர். அங்கே 1651ஆம் ஆண்டு ஏப்ரல் 21ஆம் நாள் பிறந்தார். தந்தையார் கிறிஸ்தோவாவோ வாஸ் சங்கோலே என்ற ஊரினர். தாயார் மரியா த மிராண்டா. கொங்கணி பேசும் பிராமணக் குடும்பம். முன்னோர் காலத்திலேயே கத்தோலிக்க வேதத்தைத் தழுவியவர்கள். வேதம் மாறியதே தவிர, குலம் மாறவில்லை. கோவாவிலே பூணூல் கழன்றது. ஆனால் பூணூல் கொடுத்த இடம் கழலவில்லை. கோயிலிலும், திருமணத்திலும், குருமாரைத் தெரிந்தெடுப்பதிலும் அந்த இடம் அப்படியே காக்கப்பட்டு வந்தது. இதை நாம் மனத்தில் வைத்துக்கொண்டால்தான் பின்னால் வருவது விளங்கும்.

சிறுவன் யோசே தந்தையின் ஊரிலே போர்த்துக்கேய மொழியும், தாயின் ஊரிலே இலத்தீனும் கற்றான். பின்பு கோவா நகரத்துக்குச் சென்று, இயேசு சபையாரின் சென் பவுல் கல்லூரியிலும், சாமிநாதர் சபையாரின் கல்விச்சாலையிலும் பயின்றான். 1676இல் குருப்பட்டம் பெற்றார். பட்டம் பெற்ற இளங்குருமார் நல்ல பாதரட்சையும் அங்கியுமாக வீதியிலே உலவிய அந்த நாளில், இவர் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு ஏழைகளைப்போல வெறுங்காலோடு நடக்கத் தொடங்கினார். பிரசங்கத்திலே வல்லவர், பாவசங்கீர்த்தனம் கேட்பதிலே பெயர் பெற்றவர். மேலோர் வீட்டார் அவரைத் தேடி வந்தனர். ஒரு பெரிய கோயிலின் பங்குக் குருவாகி, உறவினர் சூழ, ஊரார் வணங்க வாழ்வதற்கு வேண்டியதெல்லாம் அவருக்கு வாய்த்திருந்தது.

அடுத்த ஆண்டு அவர் செய்த ஒரு செயல் என்னை நெடுநேரம் நினைக்க வைத்தது. 1677ஆம் ஆண்டு ஆகஸ்டு 5ஆம் நாள் அவர் ஓர் அடிமையோலை எழுதினார். தம்மை இனி என்றைக்கும் மரியன்னையின் அடிமை என்று ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டார். இதைப் படிப்பவர்கள் பக்தியின் மிகுதி என்று எளிதாகச் சொல்லிவிடலாம். ஆனால் அன்றைய கோவா எப்படிப்பட்டது? ஆப்பிரிக்காவிலிருந்தும் பிற நாடுகளிலிருந்தும் கொண்டுவரப்பட்ட அடிமைகள் விற்கப்பட்ட நகரம் அது. அடிமை என்ற சொல்லின் பொருளை அந்த நகரத்தார் நூல்களிலிருந்து கற்கவேண்டிய நிலையில் இல்லை. குலத்தால் உயர்ந்த ஒருவர், அடிமையின் விலை இன்னதென்று தெரிந்த ஊரிலே, அடிமை என்று தம் பெயரை எழுதினார். மணப்பந்தலில் நின்ற சுந்தரரை ஆளோலை காட்டி இறைவன் திருவெண்ணெய்நல்லூரிலே வழக்கிட்டுப் பிடித்த கதை நமக்குத் தெரியும். சுந்தரர் முதலில் மறுத்தார். ஓலையைக் கிழித்தும் பார்த்தார். இவரோ யாரும் வழக்கிடாமலே தாமே ஓலை எழுதிக் கொடுத்தவர்.

இலங்கையைப் பற்றிய செய்தி அவர் காதுக்கு எட்டியது அந்நாளிலேதான். 1656இல் கொழும்பும் 1658இல் யாழ்ப்பாணமும் போர்த்துக்கேயரிடமிருந்து ஒல்லாந்தர் கைக்கு மாறின. கத்தோலிக்கக் குருமார் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். குருவானவர் ஒருவருக்கு வீட்டில் இடங்கொடுப்பவர்கள் உயிரையே இழக்க நேரிடும் என்று கட்டளை பிறந்தது. கோயில்கள் சீர்திருத்தச் சபையின் வழிபாட்டிடங்களும் பள்ளிக்கூடங்களுமாயின. திருமணப் பதிவு, சொத்துரிமை, தலைமைக்காரர் பதவி முதலியவை ஒல்லாந்தர் சபையின் ஞானஸ்நானத்தோடு கட்டிப்போடப்பட்டன. மனம் ஒன்றையும் வாய் ஒன்றையும் சொல்லப் பழகினவர்களுக்கு இதில் பெரிய இடர் இல்லை. ஞாயிற்றுக்கிழமை ஒல்லாந்தர் கோயிலுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு வந்தால் போதும். அப்படிப் பழகாதவர்கள் சிலர் காடேறினர். மாந்தையிலிருந்து மரியன்னையின் திருச்சிலையைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் போனவர்களின் வழியிலேதான் இன்றைய மடுத் திருப்பதி எழுந்தது. பத்தாண்டு, இருபதாண்டு, முப்பதாண்டு என்று குருவில்லாமலே காலம் சென்றது.

இலங்கைக்குப் போக விடை கேட்ட யோசேவாஸை மேலிடத்தார் உடனே விடவில்லை. 1681இல் கன்னட நாட்டுக் கடற்கரைக்குத் தலைமைக் குருவாக அனுப்பினர். மங்களூர், பஸ்ரூர், கங்கொள்ளி முதலான ஊர்களிலே மூன்றாண்டு பணிசெய்து 1684இல் கோவாவுக்கு மீண்டார். திரும்பி வந்தவர் ஒரு சிறு கூட்டத்தில் சேர்ந்தார். நகரத்துக் குன்றின்மேல் சிலுவைக் கோயில் ஒன்றில் உள்நாட்டுக் குருமார் சிலர் கூடி வாழ்ந்து வந்தனர். ஐரோப்பியத் துறவற சபைகள் இந்தியரைத் தம்முள் சேர்த்துக்கொள்ளாத காலம் அது. ஆகவே இந்தியக் குருமார் தாமே தமக்கென ஒரு துறவுக் குழுவை அமைத்தனர். 1685 செப்டம்பரில் அதிற் சேர்ந்த யோசேவாஸையே அவர்கள் தலைவராக்கினர். பிலிப்பு நேரியாரின் முறையைத் தழுவிய அந்தக் கோவா ஒராத்தோரியம், இந்தியர் தமக்கென அமைத்துக்கொண்ட முதல் கத்தோலிக்கக் குருமார் சபையாகும்.

இங்கே ஒரு குறையைச் சொல்லாமல் விட எனக்கு மனமில்லை. ஐரோப்பியர் நம்மைச் சேர்க்கவில்லை என்று எழுந்த இந்தச் சபை, பிராமண குலத்தவரை மாத்திரமே சேர்த்துக்கொண்டது. மேலே பூட்டிய கதவைத் திறக்கச் சொன்னவர்கள் கீழே ஒரு கதவைப் பூட்டினார்கள். யோசேவாஸ் அந்தச் சபையின் தலைவர். அவர் வாழ்க்கையைப் புகழ்ந்து எழுதுவோர் பலர் இதைத் தொடாமலே போய்விடுகின்றனர். தொட்டால் அவர் பெருமை குறையும் என்று எண்ணுகிறார்கள் போலும். குறையாது என்பதே என் எண்ணம். சபையின் வழக்கத்தை அவர் மாற்றிவிட்டார் என்று சொல்ல இடமில்லை. ஆனால் தம்மளவில் அவர் என்ன செய்தார் என்பதற்கு அடுத்த நிகழ்ச்சியே சாட்சி.

தலைமைப் பதவி ஓராண்டுகூட நிலைக்கவில்லை. 1686இல் அதைத் துறந்து இலங்கைக்குப் புறப்பட்டார். கூட யோவான் என்ற பணியாள் ஒருவன். அவன் குன்பி என்னும் உழைப்பாளர் குலத்தவன். நிலத்தில் பாடுபடுகிறவர்களின் பிள்ளை. வழி நெடுகத் தமிழ் கற்றுக்கொண்டு, மலையாளக் கரை வழியாகத் தூத்துக்குடியை அடைந்தனர். தூத்துக்குடியும் ஒல்லாந்தரின் கண்காணிப்பில் இருந்தது. அங்கியோடு தோணியேறினால் அக்கரையில் இறங்க முடியாது. ஆகையால் அங்கியைக் களைந்தார். இடுப்பிலே ஒரு முழத்துணி. தோளிலே ஒரு சுமை. பூசைக்குரிய பொருள்களை மூட்டைக்குள் மறைத்துக்கொண்டார். யோவானின் எசமானர் யோவானின் தோழராயினார். பார்ப்பவர்களுக்கு இருவரும் பிழைப்புத் தேடிப் போகிற கூலிகள்.

வேடந்தானே என்று சொல்லலாம். வேடம் போட்டவன் நாடகம் முடிந்ததும் அதைக் கழற்றிவிடுகிறான். இவர் கழற்றுவதற்கு நாடகம் முடியவேயில்லை. மதுரையிலே பிட்டுக்கு மண் சுமந்த திருவிளையாடலைக் கேட்டுக் கண்ணீர் விடுகிற நாம், நம் பெட்டியை நாம் சுமக்கக் கூசுகிறோம். ஒரு பிராமணக் குரு, பிறர் தொட்ட உணவை உண்டு, பிறர் சுமையைச் சுமந்து, ஒல்லாந்தரின் காவற்காரன் அதட்டினால் ஒதுங்கி நின்று பயணம் செய்தார் என்பதை அந்தக் காலத்தை வைத்தே அளக்க வேண்டும்.

1687இல் யாழ்ப்பாணத்திற் கால் வைத்தவுடன் அவரை வரவேற்றது சீதபேதி. கடற்பயணமும் பட்டினியும் சேர்ந்து இருவரையும் படுக்கையிலே தள்ளின. தங்க இடம் இல்லை. தொற்று நோயாளிகள் என்று அஞ்சி ஊரார் விலக்கவே, ஊருக்கு வெளியே கிடந்தனர். ஏழைப் பெண் ஒருத்தி கொண்டுவந்து கொடுத்த கஞ்சியினாலே உயிர் தரித்ததாக அவர் வரலாறு கூறுகிறது. அவள் பெயரை யாரும் எழுதி வைக்கவில்லை. கத்தோலிக்கக் குரு என்று தெரிந்து கொடுத்தாளா? இல்லை. பிச்சைக்காரன் ஒருவன் சாகக் கிடக்கிறான் என்று கொடுத்தாள்.

எழுந்து நடக்கும் வலிமை வந்ததும் கழுத்திலே செபமாலை ஒன்றைப் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் பிச்சை எடுத்தார். பிச்சைக்காக மட்டும் அன்று. செபமாலையைக் கண்டதும் வீட்டாரின் முகம் எப்படி மாறுகிறதென்று பார்த்தார். முப்பதாண்டு அச்சம் உறைந்த முகங்கள் அவை. ஒரு கணம் ஒளிரும், அடுத்த கணம் அணையும். சில வீட்டார் கண்ணை எடுத்தனர்; சிலர் உள்ளே அழைத்தனர். நம்பத் தக்கவர் என்று ஒரு குடும்பத்தை உணர்ந்த பின்னரே தம்மை வெளிப்படுத்தினார். அவர்கள் கூடிப் பேசி, நகரத்திலிருந்தால் ஆபத்து என்று, வலிகாமத்தின் மேற்கிலுள்ள சில்லாலைக்கு அவரை அனுப்பினர். அங்கே வேதத்தை விடாத கிராமத்தார் அவரை மறைத்துக் காத்தனர். பகலிலே ஒளிந்திருந்து, இரவிலே பூசை செய்து, விடியுமுன் வேறிடம் போய்விடுவார். இப்படியே இரண்டாண்டுகளுக்குமேல் சென்றது.

1689ஆம் ஆண்டு கிறிஸ்மஸ் இரவு. பூசைக்கு மக்கள் கூடியிருந்த இடத்தில் ஒல்லாந்தர் படை வந்து புகுந்தது. குருவானவர் தப்பிவிட்டார். மக்கள் தப்பவில்லை, ஏறக்குறைய 300 பேர் பிடிபட்டனர். அவர்களில் தலையானவர் எண்மரைத் தேர்ந்து கசையால் அடித்து, விலங்கிட்டு, கட்டாய வேலைக்கு அனுப்பினர். இவர்கள் பிச்சைக்காரர் அல்லர். நிலபுலமும் ஊரில் மதிப்பும் உடையவர்கள். ஒரு சொல் சொல்லியிருந்தால் அனைத்தும் மிஞ்சியிருக்கும்.

யோசேவாஸ் முனிவரின் துறவைப் பற்றிப் பேசும்போதெல்லாம் என் மனம் இந்த எண்மரிடம் போய் நின்றுவிடுகிறது. அவர் துறந்தார், தாமே விரும்பி, முன்கூட்டி எண்ணி, படிப்படியாகத் துறந்தார். அவர்களுக்குப் பிள்ளைகுட்டி இருந்தது; வயலும் வளவும் இருந்தன; ஓர் இரவிலே எல்லாம் போயிற்று. அவருக்கு இன்று உலகெங்கும் திருவிழா உண்டு. எனினும் பிற்காலத்தில் அவர் நடந்துகொண்ட முறையைப் பார்த்தால், அந்த இரவு அவருக்கும் மறக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. தம் பொருட்டு இன்னொருவர் துன்புறும் இடத்திலே நிற்பதைவிடத் தாமே அகப்படக்கூடிய இடத்திலே நிற்பதை அவர் அதன்பின் தேர்ந்துகொண்டார்.

1690இல் புத்தளம் சென்றார். அது கண்டி மன்னனின் ஆட்சிக்கு உட்பட்டிருந்தது; ஒல்லாந்தரின் கட்டளை அங்கே செல்லாது. அங்கிருந்து கண்டி மாநகருக்கே போய்விடுவதென்று முடிவு செய்தார். கண்டியில் ஆண்டவன் இரண்டாம் விமலதர்மசூரியன். அவன் பௌத்தன், பௌத்தத்தைப் போற்றியவன். அரக்கான் நாட்டிலிருந்து பிக்குமாரை 1697இல் வரவழைத்து, இலங்கையில் அருகிப்போயிருந்த உபசம்பதா என்னும் உயர் தீட்சையை மீண்டும் நிலைநாட்டியவனும், தலதா மாளிகையை மூன்று மாடியாகக் கட்டியவனும் அவனே. தென்னாட்டு நாயக்கர் வழிப் பெண்களை அக்குடி அரசர் மணந்து வந்தமையால் அரண்மனையிலே தமிழும் வழங்கியது. கிறிஸ்தவரான ஒல்லாந்தர் துரத்திய கிறிஸ்தவக் குருவுக்கு நிழல் கொடுத்தது இந்தப் பௌத்த அரசு. வில்கமுவவும் மாத்தளையும் மகாவலியின் இக்கரைக் காடும் யாவும் அன்று அந்த நிழலுக்குள் இருந்தவையே.

ஆனால் நிழல் உடனே கிடைத்துவிடவில்லை. 1692இல் அவர் கண்டியை நெருங்கியபோது, லனரோல் என்ற பிரெஞ்சுக்காரர் ஒருவர் அவரைப் போர்த்துக்கேய ஒற்றன் என்று அரசனிடம் கூறிவிட்டார். இந்த லனரோலின் கதையே தனிக் கதை. 1672இல் பிரெஞ்சுக் கடற்படை திருகோணமலைக்கு வந்தபோது தூதராகக் கண்டிக்கு அனுப்பப்பட்டு, அப்போதைய அரசன் இரண்டாம் இராசசிங்கனால் தடுத்து வைக்கப்பட்டு, அங்கேயே தங்கிப்போனவர். அப்படித் தடுத்து வைக்கப்பட்ட ஐரோப்பியர் அந்நாட்டில் பலர். ஆங்கிலேயரான உரோபர்ட் நொக்ஸ் என்பவர் பத்தொன்பது ஆண்டு கைதியாயிருந்து 1679இலேதான் தப்பிப் போனார். தாம் கைதியாயிருந்தும் இன்னொருவரைக் கைதியாக்கிய லனரோலின் மனம் எனக்கு விளங்கவில்லை. சமயப் பகை ஒரு காரணம் என்பர். அவர் கத்தோலிக்கர் அல்லர்.

குரு விலங்கோடு கண்டிக்குள் புகுந்தார். யோவானும் உடன் விலங்கிலிருந்தான். நாளடைவில் காவல் தளர்ந்தது. சிறை வளவிலே ஓலைக் குடிசை ஒன்று கட்டி அதையே கோயிலாக்கினார். கண்டியிலே போர்த்துக்கேயர் காலத்திலிருந்து தங்கிப்போன கத்தோலிக்கக் குடும்பங்கள் சில இருந்தன. அவர்கள் முதலிலே அச்சத்தோடும் பின்பு துணிவோடும் வந்து சேர்ந்தனர். சும்மா இருந்த காலத்திலே சிங்களம் கற்றார். கோவாவிற் கொங்கணியும் போர்த்துக்கேயமும் இலத்தீனும், வழியிலே தமிழும், சிறையிலே சிங்களமும்! மொழி கற்பிக்கிற எனக்கு இதிலே ஒரு பொறாமைகூட உண்டு.

ஒரு முறை நாட்டிலே மழை பொய்த்தது. பஞ்சம் வரும் என்று நாடு அஞ்சியது. அரசன் வேண்டுகோளின்படி அவர் திறந்த வெளியிலே பீடம் அமைத்துச் சிலுவையை நிறுத்தி மன்றாட, பெருமழை பெய்ததென்றும், பீடமும் அவரும் மட்டும் நனையவில்லை என்றும் கத்தோலிக்க மரபு கூறுகிறது. நம்புவோர் நம்பட்டும். நாட்டிலே நடமாடும் உரிமை அவருக்குக் கிடைத்தது என்பது சரித்திரம். எனக்கு அந்த மழையிலும் பெரிதாகத் தோன்றுவது 1697இல் நடந்தது.

அந்த ஆண்டு கண்டியிலே வைசூரி கண்டது. அந்நோய்க்கு அன்று மருந்து இல்லை. தடுப்பு முறை கிழக்கிலங்கையிலோ மேற்கிலங்கையிலோ யாரும் அறிந்ததில்லை. கண்டவுடன் ஓடுவதே வழக்கம். அரசன் நகரை விட்டுப் போனான், பிரதானிகள் போயினர், வீட்டார் நோயாளிகளைக் காட்டிலே ஓலைப் பந்தலின்கீழ்க் கிடத்திவிட்டு அகன்றனர். யோசேவாஸ் மாத்திரம் நகரிலே நின்றார். அவருடைய மருமகன் முறையினரும் கோவாவிலிருந்து அண்மையில் வந்து சேர்ந்தவருமான யோசே கார்வாலோ என்ற குரு அவரோடு நின்றார். வெறுமையாய்க் கிடந்த வீடுகளை மருத்துவச் சாலைகளாக்கினர். நோயாளிகளைத் தூக்கி வந்து கிடத்தினர். கஞ்சி காய்ச்சினர், புண்ணைக் கழுவினர், கழிவை வாரினர், இறந்தவரைப் புதைத்தனர். கத்தோலிக்கர் என்றோ, பௌத்தர் என்றோ, இன்ன குலத்தார் என்றோ பார்க்கவில்லை.

நண்பர்களே, பிணம் தொடுவதும் மலம் வாருவதும் நம் நாட்டிலே யார் தலையிலே சுமத்தப்பட்டு வந்திருக்கின்றன என்பதை நான் எழுதிக் காட்டவேண்டியதில்லை. கோவாவிலே பிராமணக் குருமார் சபைக்குத் தலைவராயிருந்தவர் அந்த வேலையைக் கண்டியிலே மாதக்கணக்காகச் செய்தார். எழுத்திலே எழுதிய அடிமையோலைக்கு இருபதாண்டு கழித்து அவர் செலுத்திய வட்டி என்று இதை எனக்குள் சொல்லிக்கொள்வேன். நோய் தணிந்து அரசன் திரும்பிய பின் அவருக்கு எதிராகப் பேசியவர்களின் சொல் அரண்மனையில் எடுபடவில்லை.

அதன்பின் வந்த பதினான்கு ஆண்டுகளை விரைந்து சொல்லிவிடலாம். கோவாவிலிருந்து ஒராத்தோரியக் குருமார் ஒருவர்பின் ஒருவராக வந்தனர். கொச்சி மேற்றிராணியார் அவரைத் தம் பதிலாளியாக நியமித்தார். காலால் நடந்து ஊர் ஊராகப் போனார். ஒல்லாந்தர் பகுதிக்குள்ளும் மாறுவேடத்திற் புகுந்து வந்தார். 1705இல் வந்த யாக்கோமே கொன்சால்வெஸ் என்னும் குரு, சிங்களத்திலும் தமிழிலும் பல நூல்களை எழுதி இரு மொழி உரைநடைக்கும் தொண்டு செய்தார். அவரைத் தமிழாசிரியர்கள் போதிய அளவு படிப்பதில்லை என்ற மனக்குறை எனக்கு உண்டு. அது வேறொரு நாளைக்கு.

இடையிலே ஒரு சோதனை வந்தது. போப்பரசரின் தூதராகக் கீழ்நாடுகளுக்கு வந்த தூர்னோன் என்பவர் புதுச்சேரியில் தங்கியிருந்தபோது யோசேவாஸின் பணியைக் கேள்வியுற்று, அவரை இலங்கைக்கு மேற்றிராணியாராக்க விரும்பினார். ஐரோப்பியச் சபைகள் இந்தியரை உள்ளேயே விடாத அந்நாளில், இந்தியர் ஒருவருக்கு இத்தகைய பதவி வருவது எளிதன்று. அவர் வேண்டாமென்றார். இதைப் படித்தபோது எனக்குச் சற்று வருத்தமே உண்டாயிற்று. தமக்காக மறுத்தது சரி. தம் நாட்டாருக்காக ஏற்றிருக்கலாகாதா? அவர் ஏற்றிருந்தால் பின்வந்த இந்தியருக்கும் இலங்கையருக்கும் ஒரு வழி அன்றே திறந்திருக்கும். துறவியின் நன்மையும் சமூகத்தின் நன்மையும் எப்போதும் ஒரே பாதையிற் போவதில்லை. இந்த எண்ணத்தை நான் இலக்கிய வட்டத்திலே சொன்னபோது அன்பர்கள் இருவர் கடுமையாக மறுத்தனர். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது: ஒல்லாந்தருக்கு அஞ்சிக் கூலி வேடத்தில் திரிகிற ஒருவர், பதவியின் அங்கியை எந்த ஊரிலே போட்டுக்கொண்டு நிற்பார்?

1707இல் இரண்டாம் விமலதர்மசூரியன் மறைந்து, அவன் மகன் வீரநரேந்திரசிங்கன் அரசனானான். புதிய அரசனும் அவரிடம் அன்பு பாராட்டினான். ஆனால் வெறுங்காலால் காடும் மலையும் நடந்து நடந்து முனிவரின் உடல் தேய்ந்துவிட்டது. 1710இல் நோய் முற்றியது. 1711ஆம் ஆண்டு சனவரி 16ஆம் நாள் கண்டியிலே உயிர் நீத்தார். வயது அறுபது நிரம்பவில்லை. கண்டியில் தாம் பணிசெய்த கோயிலிலேயே அடக்கம் செய்யப்பட்டார்.

1740களில் காற்று மாறியது. அப்போதைய அரசன் கத்தோலிக்கக் குருமாரை நாட்டைவிட்டு அகற்றினான், கோயில்கள் இடிக்கப்பட்டன. கண்டிக் கோயிலும் அழிந்தது. அதனோடு கல்லறையும் மறைந்தது. கரையோரத்திலே கத்தோலிக்கருக்கு எதிரான ஒல்லாந்தர் சட்டங்கள் ஆங்கிலேயர் ஆட்சியில் 1806இலே நீக்கப்பட்டன. 1995 சனவரி 21இல் கொழும்பிலே இரண்டாம் யோவான் பவுல் பாப்பரசர் அவருக்கு முத்திப்பேறு பெற்றவர் என்ற பட்டத்தை அளித்தார். 2015 சனவரி 14இல் காலிமுகத்திடலிலே பிரான்சிஸ் பாப்பரசர் அவரைப் புனிதர் என்று அறிவித்தார். இலங்கைக்கு அவரே முதற் புனிதர். பெனவ்லிமில் அவர் ஞானஸ்நானம் பெற்ற கோயில் இன்றும் நிற்கிறது. அவர் தந்தையூராகிய சங்கோலேயின் பழைய கோயிலோ எரிந்துபோய், முன்சுவர் மாத்திரம் தனியே நிற்கிறது. எலும்பு ஒன்றுகூடக் கண்டியிலே கிடைக்கவில்லை. உடைமையே வேண்டாமென்றவருக்கு ஆறடி நிலமும் உடைமையாக நிலைக்கவில்லை.

இதே மாத்தளை மாவட்டத்தின் வடமேற்கிலே வஹக்கோட்டை என்றொரு பழைய கத்தோலிக்கக் கிராமம் இருக்கிறது. போர்த்துக்கேயர் காலத்தில் வேர்கொண்டு, கண்டி அரசர் நிழலிலே வளர்ந்த மக்கள். இன்று பேச்சும் நடையும் முழுக்கச் சிங்களம். அங்குள்ள அந்தோனியார் கோயிலுக்கு எல்லாச் சமயத்தாரும் வருகிறார்கள். வில்கமுவவிலிருந்து திரும்பும் வழியில் அங்கும் போய்விட்டு வரலாமென்று மாணவர் சொல்ல, நான் ஒப்பினேன்.

நான்காம் நாட் காலையிலே புறப்பட்டேன். மகாவலிப் பக்கமிருந்து வந்த மூடுபனி வயல்மேல் இன்னும் கலையவில்லை. மாணவர் பெட்டியைத் தூக்க வந்தார், நான் விடவில்லை. முந்திய இரவே முடிவு செய்திருந்தேன். தோளிலே வைத்துக்கொண்டு கடைவீதி வழியாக நடந்தேன். பார்த்தவர்கள் யாரும் வியந்ததாகத் தெரியவில்லை. அவரவர் வேலையை அவரவர் பார்த்துக்கொண்டிருந்தனர். பாதி வழி போனதும் மூச்சு வாங்கியது. ஒரு மரத்தடியில் இறக்கி வைத்தேன். வயலிலே மண்வெட்டியோடு நின்ற அந்தக் கிழவர் என்னைக் கண்டார். வரம்பேறி வந்து, முன்போலவே ஒன்றும் பேசாமல், பெட்டியைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு நடந்தார். நான் சால்வையைச் சரிசெய்துகொண்டு பின்னே போனேன்.